எங்கேயோ காத்து வாங்குது

மரம் அறுக்கிற மிஷின் ஓடும்போதே இறுகி நின்றுவிட்டால், அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் தரும் வாக்குமூலம் அநேகமாக ஒன்றுதான்: "நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு மாஸ்டர், திடீர்னு நின்னுபோச்சு." மாஸ்டர் பதில் சொல்வதில்லை. சைலன்சரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, புகை வெளியேறும் துவாரத்தில் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பார். உள்ளே பிஸ்டனின் பக்கவாட்டுச் சுவர் தெரியும். அதிலிருக்கும் கீறல்களைத்தான் அவர் படிக்கிறார். புகைத் துவாரத்தின் பக்கம் மட்டும் கீறியிருந்தால், பெட்ரோல் குறைந்து காற்று கூடி, மிஷின் சூட்டில் செத்திருக்கிறது. சுற்றிலும் கீறியிருந்தால் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். கார்ப்பரேட்டர் பக்கம் தேய்ந்து மங்கியிருந்தால் ஏர் ஃபில்டர் கிழிந்து மரத்தூளும் மண்ணும் உள்ளே போயிருக்கின்றன. வாக்குமூலமும் கீறலும் ஒத்துப்போவது அபூர்வம்.

திருவண்ணாமலையில் போளூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய பட்டறை. பலகையில் பம்புசெட், ஸ்பிரேயர் என்று மட்டும்தான் எழுதியிருக்கும். கிணறு கிணறாகப் போய் ஆயில் இன்ஜின் பிரித்துப் பழகியவர் அவர். கிணற்றுக்கெல்லாம் கரண்ட் மோட்டார் வந்து அந்த வேலை வற்றியதும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் மிஷின் என்று மாறி, கடைசியில் மர மிஷினுக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் வருகிறவர்கள் மிஷின் வாங்கிய வருஷத்தைச் சொல்லும் விதமே தனி. 'தானேக்கு வாங்கினது' என்றால் 2011 டிசம்பர், கடலூர். 'வர்தாவுக்கு' என்றால் 2016, சென்னை. 'கஜாவுக்கு' என்றால் 2018 நவம்பர், டெல்டா. புயல் அடித்த மறுநாள் கடை கடையாக மிஷின் தேடி வாங்கி, விழுந்த மரத்தை அறுத்து ஒரே மாதத்தில் முதலை எடுத்தவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அந்த மிஷின் மூலையில் கிடக்கும். உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகும். அடுத்த புயலுக்குத்தான் மாஸ்டரின் நினைவு வரும்.

மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு மரம் அறுக்கும் கருவியைப் பற்றி ஆசையாக எழுதுவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. 2016-ல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டியபோது பிரச்சினை பசுமைத் தீர்ப்பாயம் வரை போன ஊர் இது. மொட்டையாகக் கிடந்த மலையில் பல வருஷங்களாகக் கன்று நட்டு, கோடையில் தீ பரவாமல் இருக்கத் தடுப்புக் கோடு வெட்டிக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கும் ஊரும் இதுதான். மாஸ்டரிடம் இதைக் கேட்டேன். "கோடு வெட்டுற மிஷினும் நம்மகிட்டதான் சார் ரிப்பேருக்கு வருது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நான் போயிருந்த சமயம் மேஜையில் கிடந்தது ஸ்டில் 070. 1960-களின் கடைசியில் ஜெர்மனியில் வந்த மாடல். 58 மில்லிமீட்டர் பிஸ்டன், 40 மில்லிமீட்டர் ஓட்டம், ஏறக்குறைய 106 சிசி. டிவிஎஸ் எக்ஸ்எல் 100-இன் இன்ஜினைவிடக் கொஞ்சம் பெரியது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அறுக்க வேண்டும். பிளேடும் செயினும் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். இதற்கே மலைத்தால், அந்தக் கம்பெனி 1929-ல் விற்ற முதல் பெட்ரோல் மிஷின் 46 கிலோ; ஆளுக்கொரு பக்கம் இரண்டு பேர் பிடித்தாக வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 070-ஐப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம் பக்கத்தில் அது இன்னும் கூலிக்குப் போகிறது. பெரிய புளிய மரத்தின் அடிப்பாகத்துக்குச் சின்ன மிஷின்கள் பத்தாது.

இதன் சொந்தக்காரர் கலசப்பாக்கம் பக்கத்து மரவெட்டுக்காரர். நீலகிரித் தோட்டம் ஒன்றின் ஏலத்தில் அவருடைய மாமா எடுத்தது. மாமா போனபின் இவர் கைக்கு வந்திருக்கிறது. போன வருஷம் இறுகியபோது வேறெங்கோ கொடுத்து பிஸ்டன் மாற்றியிருக்கிறார். புது பிஸ்டன் ஒரு சீசன்கூடத் தாங்கவில்லை. மாஸ்டர் டார்ச்சை அணைத்துவிட்டு, "பிஸ்டன் மாத்தினவன் இது ஏன் செத்துதுன்னு பாக்கல" என்றார். கீறல் புகைப் பக்கம் மட்டும்தான். ஆயில் போட்டிருக்கிறார்கள், ஃபில்டரும் பழுதில்லை. "எங்கேயோ காத்து வாங்குது."

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் கிராங்க் இருக்கும் அறைக்குள் உறிஞ்சப்பட்டு, அங்கிருந்து மேலே தள்ளப்படுகிறது. அந்த அறைக்கு இரண்டு பக்கமும் காவல் இரண்டு ஆயில் சீல்கள். ரப்பர் காய்ந்து ஒரு சீல் விட்டுக்கொடுத்தாலும் வெளிக்காற்று உள்ளே நுழையும். பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது என்பதால் பெட்ரோல் குறைந்தால் வழவழப்பும் குறைகிறது. மிஷினோ முன்பைவிடச் சீறிக்கொண்டு ஓடும். ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சந்தோஷத்தில்தான் அது செத்துப்போகிறது.

ஓட்டையைக் கண்டுபிடிக்க மாஸ்டர் எடுத்தது டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி. கைப்பட்டையைப் பிய்த்துவிட்டு, ரப்பர் பந்தையும் முள் வட்டத்தையும் மட்டும் வைத்திருக்கிறார். சைலன்சர் வாயை சைக்கிள் டியூப் துண்டு வைத்துத் தகடு போட்டு முறுக்கினார். கார்ப்பரேட்டர் உட்காரும் இடத்தில் இன்னொரு ரப்பர், அதன் நடுவில் ஒரு குழாய். பந்தை அமுக்க அமுக்க முள் 250-க்கு ஏறியது. விட்டுவிட்டு பீடி பற்ற வைத்தார். பீடி பாதியாவதற்குள் முள் 100-க்குக் கீழே வந்துவிட்டது. ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரையைத் தொட்டு இரண்டு பக்கமும் தடவினார். ஒன்றுமில்லை. மறுபடி காற்றேற்றி, கிராங்கை விரலால் மெல்லச் சுழற்றினார். ஃபிளைவீல் பக்கம் கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. ஒரு சுற்று முடிந்து அதே இடம் வந்ததும் இன்னொன்று. இருபது ரூபாய், முப்பது ரூபாய் பெறும் ஒரு ரப்பர் வளையம் இரண்டு பிஸ்டன்களைத் தின்றிருக்கிறது. அந்த வளையத்துக்குக் கம்பெனி பாக்கெட்டைத் தேடி அலையவில்லை. வெர்னியரில் உள் விட்டம், வெளி விட்டம், கனம் மூன்றையும் அளந்து துண்டுச் சீட்டில் எழுதிப் பையனைப் பேரிங் கடைக்கு அனுப்பினார்.

சிலிண்டர் வேலை அதைவிட நுணுக்கம். உருகிய பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கொண்டிருக்கும். அந்தக் காலச் சிலிண்டர்களின் உள்ளே குரோம் பூச்சு. பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் அலுமினியத்தோடு குரோமையும் அரித்துவிடும். மாஸ்டர் போடுவது காஸ்டிக் சோடா. தண்ணீரில் கரைத்து, குச்சியில் பஞ்சைச் சுற்றி, அப்பிய இடத்தில் மட்டும் தொட்டு வைக்கிறார். நுரைத்துக் கறுக்கும், துடைப்பார், மறுபடி வைப்பார். பூச்சு உரிந்த இடம் எங்காவது இருந்தால் அங்கே சோடா சிலிண்டரையே குடைந்துவிடும் என்பதால் கண்ணை எடுப்பதில்லை. கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை.

இது ஒரு ஆள் செய்யும் வேலை இல்லை என்பது போகப்போகத்தான் புரிந்தது. இந்த மிஷினில் பொறி தருவது பிளாட்டினம் பாயின்ட்டும் கண்டென்சரும். இன்றைய மெக்கானிக் பையன்களில் பாதிப் பேர் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. மாஸ்டருக்குப் பழக்கம்தான், ஆனால் கண் மங்கிவிட்டது. செங்கம் சாலையில் பழைய எஸ்டி பைக்குகளைத் தேடித்தேடி வாங்கி ஓடவைக்கும் ஒரு இளைஞர் வந்து அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டார். மைசூரில் எஸ்டி செய்த தொழிற்சாலை 1996-ல் மூடிவிட்டது; அதனால் கண்டென்சருக்கு எது மாற்று, எது தேறாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஃபீலர் கேஜைச் செருகி எடுக்கும்போது கைக்குத் தெரியும் மெல்லிய இழுவையை வைத்து முடிவு செய்கிறார். கூலி கேட்டதற்கு, மாஸ்டரிடம் கிடக்கும் பழைய காயில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

கார்ப்பரேட்டருக்கான டயாபிராம் வேறொரு கை வழியாக வந்தது. ரமணாசிரமம் பக்கம் குளிர்காலத்தில் வந்து தங்கும் ஐரோப்பியர் ஒருவர் இளமையில் காட்டு வேலை பார்த்தவர். மாஸ்டர் அவரை 'சாமி' என்றுதான் கூப்பிடுகிறார். ஊருக்குப் போய் வரும்போது ருத்திராட்சப் பையில் டயாபிராம் பாக்கெட்டுகளைக் கொண்டு வந்துவிடுகிறார். மிதவை வைத்த கார்ப்பரேட்டர் சாய்த்தால் வேலை செய்யாது. மெல்லிய சவ்வு வைத்த கார்ப்பரேட்டர் வந்த பிறகுதான் மிஷினைப் படுக்க வைத்தும் தலைகீழாகவும் அறுக்க முடிந்தது. இப்போது அந்தச் சவ்வுக்கு எமன் பெட்ரோலே. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி உப்புகிறது, காய்ந்தால் விறைக்கிறது. மாஸ்டர் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எத்தனாலைத் தண்ணீரோடு கீழே இறக்கிவிட்டு மேலே நிற்பதை மட்டும் வடிக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் ஆக்டேன் இறங்கிய பெட்ரோலையும் நாள்கணக்கில் வீட்டுக்குள் வைத்திருப்பதையும் என்னால் பரிந்துரைக்க முடியாது. வேலை முடிந்ததும் டேங்கைக் கவிழ்த்து, மிஷின் தானாக அணையும்வரை ஓடவிட்டு வைப்பதே போதும்.

பிஸ்டன் குன்னூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. அங்கே தோட்ட மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவரும் மாஸ்டரும் போனில் பேசிப் பழகியவர்கள்; ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஓடும் மிஷின் அருகே போனைப் பிடித்துச் சத்தத்தை அனுப்பினால் அவர் பதில் அனுப்புவாராம். பார்சல் வந்த நாள் பௌர்ணமி. பஸ்கள் ஊருக்குள் வராமல் புறநகர்த் தற்காலிக நிலையத்திலேயே நின்றுவிட, எஸ்டி இளைஞர் கிரிவலக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு போய் வாங்கி வந்தார். சைனா டூப்ளிகேட் பிஸ்டன்தான், ஒரிஜினல் கிடைப்பதில்லை. மாஸ்டர் அதன் விளிம்புப் பிசிறுகளை அரத்தால் தேய்த்தார், ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக வைத்து வாய் இடைவெளி பார்த்தார், பின்னைப் பிடிக்கும் இரண்டு கம்பி லாக்குகளையும் எடுத்து வெளியே வீசினார். "பிஸ்டனை நம்பலாம். இதை நம்பினா உடைஞ்சு உள்ள போயி எல்லாத்தையும் சொரண்டிடும்." பழைய டப்பாவிலிருந்து ஒரிஜினல் லாக்குகள் வந்தன.

சொந்தக்காரர் இதற்கிடையில் செயினைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதில் மாஸ்டர் தலையிடுவதில்லை. தன்னைவிட அவர் கை சுத்தம் என்று ஒப்புக்கொள்கிறார். 5.5 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுப்பு. பல்லுக்கு முன்னால் நிற்கும் திமில் 0.8 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். கூடினால் மிஷின் உதறும், குறைந்தால் தூள்தான் வரும். சாலையோரப் புளியில் போஸ்டர் ஆணி இருக்கும், பனையில் பல் சீக்கிரம் மழுங்கும். பனையை வெட்ட இப்போது கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதால் அந்த வேலை குறைந்துவிட்டது என்றார். இந்தப் பல்லின் வளைவுக்கு மூலம் ஒரு புழு என்று நான் சொன்னேன். 1946-ல் அமெரிக்காவின் ஒரேகானில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, வெட்டிய அடிக்கட்டையில் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாகக் குடைந்து போவதைப் பார்த்து, அதன் தாடையைப் போலப் பல் செய்து அடுத்த வருஷமே கம்பெனி தொடங்கினார். "புளியமரத்துல நான் பாக்காத புழுவா? நமக்குத் தோணல பாத்தியா" என்று சிரித்தார்.

அவருடைய விரல்களையும் சொல்லியாக வேண்டும். புது மிஷின்களில் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கும். 070-ல் கிடையாது, அதிர்வு முழுக்க எலும்புக்கு வருகிறது. மாலையில் விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தான் போட முடிவதில்லை என்றார். குளிர்நாடுகளில் விரல் வெளுத்துப்போகும். அங்கே இதைத் தொழில்நோயாகவே சேர்த்திருக்கிறார்கள் என்று சாமி தன் கையை நீட்டிக் காட்டினார். பழைய மிஷின் மேல் எனக்கு இருக்கும் மோகம் இந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. அடிமரத்துக்கு மட்டும் இதை எடுங்கள், கிளைக்குச் சின்னதை வைத்துக்கொள்ளுங்கள் என்று சாமி சொல்ல, இளைஞர் தமிழாக்க, அவர் தலையாட்டினார். கேட்பார் என்று தோன்றவில்லை.

மிஷின் எழுந்தது. கயிற்றை இழுக்கும் வேலையை எஸ்டி இளைஞருக்குத்தான் கொடுத்தார்கள். சரியாக இழுக்காவிட்டால் இது விரலைத் திருப்பி அடிக்கும். புளியங்கட்டையில் வைத்ததும் தூள் பறக்காமல் சீவல் சீவலாக விழுந்தது. அறுத்து முடிந்தபின் மாஸ்டர் ஐடிலில் விட்டு, மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்து நெடுநேரம் கேட்டார். காற்று வாங்கினால் சாய்க்கும்போது சத்தம் ஏறும். ஏறவில்லை.

ஆயில் அளவில்தான் சண்டை வந்தது. சாமி ஒன்றுக்கு ஐம்பது என்றார்; நல்ல ஆயில் என்றால் போதுமாம். மாஸ்டர் ஒன்றுக்கு இருபத்தைந்து, லிட்டருக்கு 40 மில்லி என்று நின்றார். இங்கே எந்த ஆயில் கிடைக்கிறதோ அதைத்தான் ஊற்றுவார்கள் என்பது அவர் வாதம், அதுதான் எனக்கும் சரியாகப் பட்டது. சொந்தக்காரருக்கு மில்லிக் கணக்கு பிடிபடவில்லை. மாஸ்டர் பெஞ்சுக்கு அடியிலிருந்து காலி குவாட்டர் பாட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இதுல முழுசா ஒண்ணு ஆயில். கேன்ல நாலரை லிட்டர் பெட்ரோல். தப்பவே தப்பாது." கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 மில்லிக்கு நாலரை லிட்டர், துல்லியமாக ஒன்றுக்கு இருபத்தைந்து. "இது எனக்குத் தெரிஞ்ச அளவு" என்று பாட்டிலை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு அவர் மிஷினை வண்டியில் கட்டப் போனார்.