நாம் வரைந்த கோடு

மதுரை நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே அமைந்த சிறு பங்கு நம்முடையது. சில ஆண்டுகளுக்கு முன், பங்குப் பேரவைத் தேர்தலை முன்னிட்டு அன்பியங்களைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு, ஆசிரியர் என்ற மரியாதையில் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் அன்பியத்திற்கு ஓர் உறுப்பினர் என்பது விதி. கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களை நான்கு அன்பியங்களாகப் பிரித்தோம். கண்மாய்க்கு அப்பாலுள்ள காலனியை ஒரே அன்பியமாக வைத்தோம். இரு பக்கமும் குடும்பங்கள் ஏறத்தாழச் சமம். அப்பொழுது நமக்கு எதுவும் உறுத்தவில்லை. பழைய வழக்கம் அதுதான்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஞாயிறன்று, காலனியைச் சேர்ந்த முதிய உபதேசியார் அதை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். “நாலுக்கு ஒண்ணுங்களா ஐயா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு உலக அரசியலில் ஒரு பெயர் உண்டு. 1812இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெரி, தம் கட்சிக்கு ஆதாயமாகத் தொகுதிகளை வளைத்து நெளித்து வரைந்த சட்டத்தில் கையெழுத்திட்டார். அவற்றுள் ஒன்று சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்ததாம். இரு பெயரும் கூடி ‘ஜெரிமாண்டர்’ ஆயிற்று. எவரது வாக்கையும் பறிக்க வேண்டியதில்லை. கோட்டை மாற்றி வரைந்தால் போதும், வாக்கு இருந்தும் இல்லாததாகிவிடும்.

நம் மாவட்டத்தில் கோடு வரையும் சிரமமும் சிலருக்குத் தேவைப்படவில்லை. ஊராட்சித் தலைவர் பதவி தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறாதவர்கள், மேலூரை அடுத்த மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் உள்ளிட்ட அறுவரைப் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றனர். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலைவர் நாற்காலியில் எவரும் நிலைக்க முடியவில்லை. வேட்பு மனுவே வராமற் போவதும், வென்றவர் உடனே பதவி விலகுவதுமாகக் காலம் கழிந்தது. 2006 அக்டோபரில்தான் அந்நிலை மாறியது.

கத்தோலிக்கராகிய நமக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் 8 இடங்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தன. சமயச் சிறுபான்மையினருக்குத் தனி இடம் வேண்டாம் என 1949 மே மாதத்தில் அரசியல் நிர்ணய சபை முடிவெடுத்தபோது, இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா போன்ற நம்மவர்கள் அதற்கு இசைந்தனர். அடுத்த வீட்டான் நமக்கும் சேர்த்துப் பேசுவான் என்ற நம்பிக்கையே அந்த இசைவு.

மறு ஆண்டு, 1950 ஆகஸ்டு 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதோரைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. பின்னர் 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் அவர் வாக்களிக்கலாம். தலைவர் பதவிக்குப் போட்டியிட இயலாது. இந்த அநீதியைக் கண்டித்துக் கறுப்புக்கொடி ஏற்றுகிறோம், உண்ணா நோன்பு இருக்கிறோம். அவை தேவையே. ஆனால் அதே தலித் கிறிஸ்தவருக்கு, அரசின் ஆணை எதுவும் குறுக்கே நில்லாத நம் பங்குப் பேரவையில், நாமே நான்கில் ஒன்றை அளந்து கொடுத்திருந்தோம். எந்த முகத்தோடு தில்லியிடம் நீதி கேட்பது?

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தை மீண்டும் படித்தோம். அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர். திருச்சபை எழுவரைத் தேர்ந்தது. ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் கையிலேயே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலும். பலமுறை படித்த பகுதிதான். பெயர்களை அன்றுதான் எண்ணினோம்.

மறுநாள் பங்குத்தந்தையிடம் சென்று, பட்டியலில் நாம் செய்த பிழையை ஒப்புக்கொண்டோம். தெருக்காரர் சிலர் முகம் சுளித்தனர். ஒரு நண்பர் இன்றும் நம்மோடு பேசுவதில்லை. எனினும் குடும்பங்களை எண்ணித் தெருக்களுக்கு மூன்று, காலனிக்கு மூன்று என அன்பியங்கள் அமைந்தன.

புதிய பேரவையின் முதற் கூட்டத்தில் காலனிப் பெண் ஒருவர் எழுந்து, மழைக்காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்திற்கு இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கிறோம், ஒரு பாதை வேண்டும் என்றார். அத்தனை ஆண்டுகள் பேரவையில் இருந்தும் நம் காதில் ஒருமுறையும் விழாத செய்தி அது.