சிக்கந்தர்: ஒரு பெயரின் பொருளும் பயணமும்



'சிக்கந்தர் என்பது இஸ்லாமியப் பெயர்தானா?' என்னும் கேள்வி அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து முஸ்லிம் குடும்பங்களில் பாட்டனாரின் பெயரைப் பேரனுக்குச் சூட்டுவது வழக்கம். அவ்வாறு சூட்டிய பின்னர், 'இது அரபுப் பெயரன்று, மாற்றிவிடுங்கள்' என்று எவரோ கூறக் கேட்டுப் பெற்றோர் கலங்குகின்றனர். பள்ளிச் சான்றிதழில் ஏறிவிட்ட பெயரை மாற்றுவது எளிதன்று. தன் பெயர் தவறானது என்று கேட்கும் பிள்ளையின் மனமும் வாடும். ஆகவே இதனை நிதானமாக ஆராய்வோம்.

இப்பெயர் அரபுச் சொல் அன்று என்பது உண்மையே. கிரேக்க மொழியில் இது 'அலெக்சாந்த்ரோஸ்'. காத்தல் என்னும் பொருளுடைய சொல்லும் ஆடவன் என்னும் பொருளுடைய சொல்லும் இணைந்தது அது; 'மக்களைக் காப்பவன்' என்பது அதன் கருத்து. அரபு மொழிக்கு வந்தபோது முதலிலிருந்த 'அல்' என்பது அரபுச் சுட்டாகக் கொள்ளப்பட்டு, 'அல் இஸ்கந்தர்' ஆயிற்று. பாரசீகத்தில் அது 'சிக்கந்தர்' எனச் சுருங்கியது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அலெக்சாண்டரும் சிக்கந்தரும் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தால், இருவர் பெயரும் ஒன்றே.

14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களுள் கடைசியானவர் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷா. திருப்பரங்குன்றம் மலைமீது சிக்கந்தர் பாதுஷா பெயரால் தர்கா உள்ளது. நம்மவர் பிழைக்கச் செல்லும் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்தில் இஸ்கந்தர் புத்திரி என்றொரு நகரமே இருக்கிறது. 'அல்ஹிகம்' என்னும் ஞானநூலை இயற்றிய இப்னு அதாவுல்லாஹ் அவர்களை 'இஸ்கந்தரீ' என்றே உலமாக்கள் அழைக்கின்றனர். அலெக்சாந்தர் நிறுவிய எகிப்திய நகரமான இஸ்கந்தரிய்யாவைச் சேர்ந்தவர் என்பது அதன் பொருள்.

அல்கஹ்ஃப் அத்தியாயம் கூறும் துல்கர்னைன் அவர்களே அலெக்சாந்தர் என்று முற்கால விரிவுரையாளர் சிலர் எழுதினர். இமாம் இப்னு கஸீர் போன்றோர் அதனை மறுத்தனர். துல்கர்னைன் ஏக இறைவனை நம்பியவர், கி.மு. 326இல் பஞ்சாப் வரை படையெடுத்து வந்த மாசிடோனிய மன்னரோ பல தெய்வங்களை வணங்கியவர். எனவே அம்மன்னரின் சிறப்பை எண்ணி இப்பெயரைச் சூட்ட வேண்டியதில்லை. பொருள் நல்லது என்பதே போதுமான காரணம்.

ஏனெனில், மார்க்கம் பெயரில் பார்ப்பது பொருளையே, மொழியை அன்று. நபித்தோழர் ஒருவரின் பெயர் 'ஹஸ்ன்'. தூய அரபுச் சொல்லே. ஆயினும் 'கரடுமுரடான நிலம்' என்னும் அதன் பொருள் கருதி, மென்மையைக் குறிக்கும் 'ஸஹ்ல்' என்று மாற்றிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். புகாரியில் இச்செய்தி உண்டு. அதே நபியவர்கள், தமக்கு மாரியா (ரலி) அவர்கள் வழியே பிறந்த அருமை மகனுக்கு இப்ராஹீம் என்று பெயரிட்டார்கள். இப்ராஹீம் அரபு மூலமுடைய பெயரன்று என்பதை இலக்கணம் பயின்ற மத்ரஸா மாணவரும் அறிவர். அரபுப் பெயர் ஒன்றை மாற்றச் சொன்னவர்களே அரபல்லாத பெயரைத் தம் மகனுக்குச் சூட்டினார்கள் என்றால், அளவுகோல் எதுவென்பது விளங்கவில்லையா?

ஆகவே பெற்றோரே, பெயரை மாற்ற அலைய வேண்டாம். பிள்ளையை அருகில் அமர்த்தி அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். எவருடைய நாவிலிருந்தும் கையிலிருந்தும் பிறர் பாதுகாப்புப் பெறுகிறார்களோ அவரே முஸ்லிம் என்பது நபிமொழியின் கருத்து. மக்களைக் காப்பவன் என்று பெயர் பெற்ற பிள்ளை, வகுப்பில் எளியவனைப் பிறர் இழிவு செய்யும்போது அவன் பக்கம் நிற்கட்டும். பாட்டனார் பெயருக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

நம் பிள்ளைகளைத் தம் பெயருக்கேற்ற நற்குணமுடையோராக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.