சபர்மதிக் கரையில் செய்த காற்று

பழைய அகமதாபாத்தின் நெரிசலை விட்டு, எல்லிஸ் பாலத்தருகே சபர்மதியைக் கடந்து தெற்கே பால்டி பக்கம் திரும்பினால் ஹாரன் சத்தம் சற்றுத் தணிகிறது. லெ கார்பூசியே வடிவமைத்த செங்கல் அருங்காட்சியகமான சன்ஸ்கார் கேந்திரா இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அருகிலேயே, 1961-ல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனம். ஸ்டேட் வங்கியின் சின்னமும் தூர்தர்ஷனின் சின்னமும் இங்கே பிறந்தவை. காற்றையும் இங்கே செய்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் ட்யூடர் ஒரு மூக் சிந்தசைசருடன் வந்து இங்கே மின்னணு இசை ஸ்டூடியோ அமைத்தார். இதற்கு வழிசெய்தவர்களில் முக்கியமானவர் கீதா சாராபாய். ஆலை அதிபர் வீட்டுப் பெண், பக்கவாஜ் வாசித்தவர். 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேலை இசை கற்றவர்.

மூக் பார்வைக்கு அந்தக் காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி இருக்கும். பலகை முழுக்கக் குமிழ்கள், ஒயர்கள். அதில் காற்று செய்வது எப்படி? ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவின் 'உஷ்ஷ்'தான் மூலப்பொருள். அதை ஒரு ஃபில்டர் வழியே விட்டு உச்ச ஒலிகளை வெட்டினால் தூரத்துக் காற்று. ஃபில்டரைக் கூர்மையாக்கினால் ஜன்னல் இடுக்கில் சீட்டியடிக்கும் காற்று. ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூட ஓர் ஆசிலேட்டர் போதும். ஆனால் ஒன்று மட்டும் இருந்தால் காற்று கடிகாரம் போல வந்து போகும், காது உடனே கண்டுபிடித்துவிடும். வெவ்வேறு வேகத்தில் இரண்டைச் சேர்த்தால் எப்போது வீசும், எப்போது ஓயும் என்று சொல்ல முடியாது. நீர்க்குமிழி இன்னும் சுலபம்: சட்டென்று மேலேறி மறையும் ஒரு சுத்தமான ஸ்வரம். எதையும் சேமித்து வைக்க அதில் வழியில்லை. ஒயரைப் பிடுங்கினால் அந்தக் காற்று போய்விட்டது. டேப்பில் பிடித்ததுதான் மிச்சம். போதாததற்கு, சூடு ஏறினால் ஆசிலேட்டர்களின் சுருதி விலகும். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது.

பின்னணி ஒலி இருப்பது தெரியக்கூடாது, நின்றால் தெரியவேண்டும். நம் கச்சேரி மேடைத் தம்பூராவும் அப்படித்தானே! ஐ. எஸ். மாத்தூர் தன் படைப்பு ஒன்றுக்கு 'ஒருமுறை தம்பூரா வாசித்தேன்' என்று பெயர் வைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

1972 வரை இங்கே பதிவான நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. 2017-ல் லண்டன் இசைக் கலைஞர் பால் பர்காஸ் கண்டெடுத்தார். 2023-ல் இசைத்தொகுப்பாக வெளிவந்தது. அதுவரை இந்திய மின்னணு இசை என்றால் சரண்ஜித் சிங்கின் 1982 டிஸ்கோ ராகங்களைத்தான் சுட்டிக்காட்டுவார்கள். ஒசாகாவில் நடந்த 1970 உலகக் கண்காட்சிக்கு அதுல் தேசாய் ஒலிகள் பதிந்தார். கண்காட்சிக்கும் நிழற்கூத்துக்கும் பின்னால் ஒலிப்பதை யார் செய்தது என்று எவரும் கேட்பதில்லை. இந்தப் பெயர்கள் அரை நூற்றாண்டு வெளியே தெரியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

இன்று மடிக்கணினியில் ஒரு தட்டுத் தட்டினால் காற்று வருகிறது, எந்த ஊர்க் காற்று என்றுதான் தெரிவதில்லை. மாத்தூருக்கு 'என் பறவைகள்' என்றும் ஒரு படைப்பு உண்டு. எந்தப் பறவைகளோ! பழைய நகரத்தின் 'போல்' எனப்படும் குறுகிய தெருக்களில், பறவைகளுக்குத் தானியம் வைக்கும் சபூத்ரா கம்பங்களைச் சுற்றிப் புறாக்கள் படபடக்கின்றன. ரெக்கார்டருடன் நிற்க அருமையான இடம். ஜனவரி 14 மட்டும் வேண்டாம். அன்று மொட்டை மாடிகளில் பட்டம் விடுகிறவர்களின் கூச்சலில் வேறெதுவும் காதில் விழாது.