மச்சமும் சுண்ணாம்பும்

மச்சம் வேறு, மரு வேறு, பாலுண்ணி வேறு. ஆனால் எங்கள் வீட்டில் மூன்றுக்கும் ஒரே மருந்துதான்: பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பு. அதனுடன் சலவைச் சோடாவைக் குழைத்துத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தால் மூன்றே நாளில் மச்சம் உதிர்ந்துவிடும் என்பார். உதிரத்தான் செய்யும்! என் பெரியம்மா மகளுக்கு நிச்சயதார்த்தத்திற்கு முன் அப்படித்தான் செய்தார்கள். மிளகளவு மச்சம் இருந்த கன்னத்தில் இப்போது புளியங்கொட்டையளவு தழும்பு. சில மாதங்களில் தழும்பின் ஓரத்தில் பழுப்பு நிறம் மறுபடியும் தலைகாட்டியது.

ஏன் என்பது வேதியியல் படித்தபோதுதான் விளங்கிற்று. சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் ஈரத்தில் சேர்ந்தால் எரிசோடா உண்டாகிறது. அது வைத்த இடத்தோடு நிற்பதில்லை. தோலை அரித்துக்கொண்டே உள்ளே இறங்கும். மச்சமோ, தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் ஓரிடத்தில் கூடியிருப்பது. மேலே வெந்துபோனாலும் அடியில் தங்கியவை மீண்டும் கறுக்கும். தொங்கும் மருவைத் தலைமுடியால் இறுகக் கட்டுவதும், பாலுண்ணிக்கு அம்மான் பச்சரிசிப் பால் தடவுவதும் ஊர் வழக்கம். அவற்றை மச்சத்திற்கும் செய்வதுதான் வம்பு.

சென்ற ஆண்டு என் அத்தையின் உள்ளங்காலில் இருந்த மச்சம் வளரத் தொடங்கியது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு; ஓரமும் நேராக இல்லை. டாக்டர் அளந்து பார்த்தார். 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, சுற்றிலும் சிறிது நல்ல தோலோடு வெட்டியெடுத்துத் தையல் போட்டார். "லேசரில் எடுத்தால் தையல் வேண்டாமே?" என்று மாமா கேட்டார். "சுட்டுவிட்டால் சோதித்துப் பார்க்க என்ன மிஞ்சும்?" என்றார் டாக்டர். வெட்டிய துண்டு சோதனைச்சாலைக்குப் போயிற்று. நம் நாட்டவர்க்கு மச்சப் புற்றுநோய் வருவது அரிது. வந்தால் உள்ளங்காலில் வருவதுண்டாம். முடிவு வரப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டு ஜெபமாலையில் யாரும் தூங்கி விழவில்லை, என் தம்பி உட்பட! கெடுதல் ஒன்றுமில்லை என்று தாள் வந்த அன்றுதான் அத்தை வாய்விட்டு அழுதார்.

எனக்கும் இடது கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. பள்ளிப் பதிவேட்டில் அதுவே என் அங்க அடையாளம். சிறு வயது முதல் அளவும் நிறமும் மாறவில்லை. ஆகவே அது இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாட்டி மட்டும் சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் என் கன்னத்தை ஒரு தடவை பார்க்கிறார்.