ஜீப் வருவதற்குள் ஒரு தோட்டம்

மொட்டைமாடியில் தோட்டம் போட்டுத் தோற்றவரா நீங்கள்? கை கொடுங்கள், நானும் அதே கட்சிதான்! பன்னிரண்டு தொட்டி, பன்னிரண்டிலும் தக்காளி. ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால், அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. மிச்சத்தை மாவுப்பூச்சி பார்த்துக்கொண்டது.

போடிநாயக்கனூர் பக்கம் பொட்டிபுரத்தில் இருக்கும் சித்தியிடம் போய்ப் புலம்பினேன். (நியூட்ரினோ திட்டத்தால் பேப்பரில் அடிபட்டதே, அதே ஊர்தான்!) சித்திக்கு ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. விடிவதற்குள் ஜீப் வந்துவிடும். போடிமெட்டு தாண்டி கேரளாவுக்குள் போய் ஏலக்காய் எடுத்துவிட்டு, வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். செடிகளுக்கு அவரால் தர முடிந்தது, ஜீப் வருவதற்கு முந்தைய பத்து நிமிஷம்தான்.

ஆனால், அந்தக் கொல்லையைப் பார்க்கணுமே! வரிசை கிடையாது, பாத்தி கிடையாது. பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற வழியில் சேப்பங்கிழங்கு. வேலியில் கோவைக்கொடி. மூலையில் முருங்கை, பக்கத்தில் அகத்தி. நிழலில் பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. கத்தரிக்கு நடுவே செண்டுப்பூ. தரையெல்லாம் பூசணி படர்ந்து, களையை அமுக்கி, ஈரம் காயாமல் காத்துக்கொண்டிருந்தது.

''என்ன சித்தி, காடு மாதிரி இருக்கு?''

''ஒரே செடியா வச்சா, பூச்சிக்குப் பந்தி போட்ட மாதிரிப்பா. கலந்து வச்சா அது தேடி அலையட்டுமே!''

மெக்ஸிகோ விவசாயிகள் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் கலந்து போடுவதைப் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். சோளத்தில் பீன்ஸ் ஏறும். மண்ணுக்குத் தழைச்சத்து தரும். பூசணி தரையை மூடும். மெக்ஸிகோ எங்கே இருக்கிறது என்று சித்திக்குத் தெரியாது. சங்கதி தெரியும்.

அதன் அருமை 2020 மார்ச்சில் புரிந்தது. ஊரடங்கு வந்து மாநில எல்லையை மூடினார்கள். ஜீப் இல்லை, கூலி இல்லை. ரேஷனில் அரிசி கிடைத்தது. குழம்புக்கு? கோடை வெயில் வேறு. ஆடிப்பட்டத்தில் போட்டதெல்லாம் காய்த்து ஓய்ந்திருந்தது. நின்றவை, ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் பலன் தருகிற முருங்கையும் அகத்தியும் கோவையும்தான்.

''ஜீப்பு நின்னுச்சு, கூலி நின்னுச்சு. முருங்கை நிக்கலப்பா!'' என்றார் போனில்.

'நேரமில்லை' என்று நாம் சொல்கிறோமே, அது தோட்டம் போடாமலிருக்கக் காரணமில்லை. எந்தச் செடியை நடுவது என்று தீர்மானிக்கிற காரணம்! காய்க்கிற கோவைக்கொடியில் ஒரு துண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு நாலு, ஒரு கறிவேப்பிலைக் கன்று. பெரிய தொட்டியாக இருக்கட்டும். மேலே சருகு போட்டு மூடிவிடுங்கள். முதல் ஒரு மாசம் மட்டும் கவனித்தால் போதும்.

போன மாசம் ஐந்து நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், கோவை என்னைக் கேட்காமலே துணி காயப்போடும் கொடியில் ஏறியிருந்தது. துணியை வேறு இடத்தில் காயப்போட்டுக்கொண்டிருக்கிறோம்!