ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைம்மா



மகள் வீட்டுக்கு இங்கிலாந்து வந்து இரண்டு மாதமாகிறது. இங்கே சமையலறைச் சுவரில் கேஸ் பாய்லர் என்று ஒரு வெள்ளைப் பெட்டி. குளிக்க வெந்நீர் தருவதும் அதுதான், ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பி அறைகளைச் சூடாக்குவதும் அதுதான்.

போன வாரம் ஒரு விடியற்காலை. வெளியே மைனஸ் 6 டிகிரி. மகள் ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி, மருமகன் வெளியூரில். "அம்மாச்சி, குளிருது" என்று பேத்தி எழுப்பினாள். ரேடியேட்டரைத் தொட்டால் ஐஸ். பாய்லர் திரையில் ஏதோ எண் மின்னியது. உள்ளே களகளவென்று சத்தம்.

நான்தான் வீட்டில் ஃபியூஸ் போடுகிற டீச்சராயிற்றே! ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மகளுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அம்மா, முதல்ல அதைக் கீழே வை! மூடியைத் திறக்கவே கூடாது" என்று பதறினாள். சில பாய்லர்களில் எரிந்த புகை வீட்டுக்குள் வராமல் தடுப்பதே அந்த மூடிதானாம். கேஸ் பாகங்களைத் தொட, 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவருக்குத்தான் இங்கே அனுமதி.

பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னாள். கரண்ட் இருக்கிறதா? இருந்தது. அடுப்பு எரிகிறதா? எரிந்தது. அப்படியானால் கேஸ் வருகிறது. அறையின் தெர்மோஸ்டாட்டில் பேட்டரி? சரி. பிரஷர் முள்? 1.3. பாய்லர் ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருந்தால் போதுமாம். அடிக்கடி குறைந்தால் எங்கோ நீர் கசிகிறது என்று அர்த்தம்.

மிச்சம் அந்தக் களகள சத்தம். புகையில் உள்ள நீராவி குளிர்ந்து நீராகி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகும். அந்தக் குழாய் உறைந்து அடைத்திருந்தது. கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடும் என்பதால், வெதுவெதுப்பான நீரை வளைவுகளிலும் முனையிலும் ஊற்றினேன். நாலாவது செம்பில் ஐஸ் விட்டது. ரீசெட் பட்டனை ஒருமுறை அழுத்தினேன். பாய்லர் உறுமிக்கொண்டு எரிந்தது.

"கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை" என்று எத்தனை வருடம் உங்களுக்குப் பாடம் நடத்தியிருப்பேன்! நடத்தியவளே, குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மூடியைத் திறக்கப் போனேன்.

இங்கே இருக்கும் என் பிள்ளைகளே, கார்பன் மோனாக்சைடு அலாரம் வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். அது அடித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, மயக்கம் வந்தாலோ, உடனே வெளியே வந்து 0800 111 999-ஐ அழையுங்கள்.

ஊரில் இருப்பவர்களே, ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அதிலும் இதே ஆபத்துதான். அதை வெளியே மாற்றும்வரை பயன்படுத்தாதீர்கள். டீச்சர் சொல்கிறேன், கேளுங்கள்.