மண்டைதீவுக் கிணற்றடி

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலைத் தாம்போதி வழியே கடந்ததும் நம்மை முதலில் வரவேற்பது மண்டைதீவு. சூழவும் உப்புநீர், சுண்ணக்கல்லினுள்ளே தங்கிய மழைநீரே கிணறுகளுக்கு ஆதாரம். ஐப்பசி மாரியில் அந்நீர் உயரும். ஆதலின் அதற்கு முன்னரே கிணற்றடி வேலியைச் சோதித்தல் நன்று.

பட்டுப்போன கதியால்களையும் உக்கிய கிடுகுகளையும் மாற்றுவது நம்மவர் வழக்கம். ஆயின் கிடுகு வேலி மறைப்புக்காகக் கட்டப்படுவது. தவழும் பிள்ளை அதன் அடியால் நுழைந்துவிடும்! சிட்னியில் வாழும் நம்மவர், வீட்டு நீச்சற்குளத்தைச் சுற்றி 1.2 மீற்றர் உயர வேலியும், தானே மூடும் படலையும் அமைத்துப் பரிசோதகருக்குக் காட்டுகின்றனர். ஏறுவதற்கு உதவும் பொருள் எதுவும் வேலியருகே இருத்தலாகாது என்பது அங்குள்ள விதி. நம் கிணற்றடியில் கவிழ்த்து வைத்த வாளியும் அத்தகையதன்றோ? அதனை அகற்றி, வேலியின் அடியைப் பனைமட்டையால் நெருக்கி அடைத்து, படலைக் கொளுக்கியைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுதல் வேண்டும்.